எங்களோடு கேட்கும் காது

மார்ச் 4, செவ்வாய்

ஏசி இன்றும் மக்கர். என் மேஜைக்கு நேர் மேலே சொட்டுகிறது. காலி பிஸ்கட் டப்பா ஒன்றை வைத்துச் சமாளிக்கிறேன். உயிர் போகிற அவசரத்தில் ஊரே ஆம்புலன்ஸ் கேட்டு அழைக்கிற அறை இது. ஏசிக்கு ஒரு ஆள் அனுப்ப மட்டும் யாருக்கும் அவசரமில்லை.

பெரிய செய்தி: புது மென்பொருள் வந்திறங்கிவிட்டது. நாங்கள் அழைப்பை எடுக்கும்போது அதுவும் கூடவே கேட்குமாம். அழைக்கிறவரின் சொற்கள், பின்னால் கேட்கிற மூச்சு, சத்தம் எல்லாவற்றையும் வைத்து, விழுந்து கிடப்பவருக்கு இதயம் நின்றுவிட்டதா என்று ஊகிக்குமாம். முதல் சில வாரம் வாயே திறக்காது, சும்மா கேட்டுப் பழகும் என்றார்கள். புது மருமகள் மாதிரி.

கொண்டுவந்தவர் அவசரப் பிரிவு டாக்டரம்மா. எங்களுக்கு அவர் ‘காது டாக்டர்’. எந்நேரமும் காதில் ஹெட்ஃபோனோடு பழைய அழைப்புப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்ததால் வந்த பெயர். அதை நம்பி, கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் காதுவலி என்று நிஜமாகவே அவரிடம் போய் நின்றிருக்கிறார். டாக்டரும் டார்ச் அடித்துப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தாராம். "நான் அந்தக் காது இல்லைன்னு சொல்ல மனசு வரலை."

பக்கத்து இருக்கை மீசைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. இந்த அறையில் என்னைவிடப் பழைய ஆள். "நமக்கு ரெண்டு காது பத்தலைன்னு மூணாவதா ஒண்ணு ஒட்ட வந்துட்டாங்க" என்றார்.

மார்ச் 12, புதன்

காது டாக்டர் இன்று என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். அழைப்பு இல்லாத இடைவெளியில் பேசினோம்.

இதயம் நின்றவருக்கு வண்டி போய்ச் சேரும்வரை யாராவது நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அமுக்கச் சொல்ல வேண்டியது நாங்கள். அதற்கு முன்னால் இதயம் நின்றுவிட்டது என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணால் பார்க்காமல், பதறி அழுகிற ஓர் ஆளின் வாய்வழியாக. இதில் என்னால் இயன்றதைச் செய்கிறேன் என்றுதான் நினைத்து வந்திருக்கிறேன்.

"இந்தப் பெட்டி எப்படிக் கத்துக்கிச்சு?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட இருந்துதான். நீங்க எல்லாரும் எடுத்த பழைய அழைப்பு ஒவ்வொண்ணையும், பேர் விலாசம் எடுத்துட்டு, அந்த நோயாளிக்கு ஆஸ்பத்திரியில கடைசியா என்னன்னு தெரிஞ்சுதோ அதோட ஜோடி சேர்த்துக் கொடுத்தோம். எந்தப் பேச்சு எதுல போய் முடியுதுன்னு அது பார்த்துக்கிச்சு."

அப்புறம் அவர் கேட்டார்: "ஃபோனை வச்சதுக்கப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கு யாராவது சொல்லுவாங்களா?"

சொல்வதில்லை. ஒருபோதும் சொன்னதில்லை. வண்டி வந்துவிட்டது என்றதும் லைனை விடுவோம், அடுத்தது அடிக்கும். எத்தனை பேரின் கதையை நான் பாதியில் விட்டிருக்கிறேன்!

"அது உங்களுக்கும் தெரியணும்" என்றார். "மெஷினுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு மனுஷங்களைக் கேள்வியோட விடுறது நியாயமில்லை."

எழுந்து போனபிறகும் அந்தப் பேச்சு காதிலேயே இருக்கிறது.

மார்ச் 26, புதன்

பெட்டி வாய் திறந்துவிட்டது. சந்தேகம் வந்தால் திரையின் ஓரத்தில் சிவப்புக் கட்டம்: ‘இதயம் நின்றிருக்கலாம்.’ முடிவு எங்களுடையது, அது நினைவூட்ட மட்டும்.

முதல் நாளே மானம் போனது. ஒருவர் தன் மாமியார் மயங்கி விழுந்ததாக அழைத்தார். பேச்சுமூச்சில்லை என்றார். மீசையின் திரையில் சிவப்பு. "நெஞ்சு நடுவுல கையை வச்சு அமுக்குங்க சார்" என்று ஆரம்பித்தார். அடுத்த விநாடி அந்த அம்மாவின் குரல் எங்கள் அறை முழுக்கக் கேட்டது: "யாருய்யா அது? எடுய்யா கையை!"

மருமகன் பயத்தில் ஃபோனைக் கீழே போட்டுவிட்டார். மீசை ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, "எழுதி வச்சுக்கங்க டாக்டர், இறந்தவங்க எந்திரிச்சு அடிக்க வந்தாங்க" என்றார். டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு உண்மையாகவே குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம். ஒரு பெண். தையல் வேலை செய்பவள். வீட்டுக்காரர் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார், தலையில் அடிபட்டிருக்குமோ என்று பயமாயிருக்கிறது என்றாள். குரலில் பெரிய பதற்றமில்லை.

"பேசுறாரா?"

"இல்லைங்க. அசதி போல. தூங்கிட்டாரு. நல்லா குறட்டை விடுறாரு."

குறட்டை விடுகிறார் என்றால் மூச்சு இருக்கிறது. மூச்சு இருந்தால் உயிர் இருக்கிறது. நான் தலைக்காயம் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.

சிவப்புக் கட்டம்.

என்ன இது, குறட்டைக்குமா? மாமியார் கதை ஞாபகம் வந்தது. ஆனாலும் ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்? "அவர் வயித்துமேல கை வைங்க. ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் ‘இப்போ’ன்னு சொல்லுங்க" என்றேன்.

"இப்போ."

காத்திருந்தேன். டப்பாவில் நீர் சொட்டுவது கேட்டது. இன்னொரு சொட்டு. இன்னொன்று.

"...இப்போ."

அது குறட்டை இல்லை. நின்றுபோன இதயத்தோடு உடம்பு கடைசியாக இழுக்கிற இழுப்பு. படித்திருக்கிறேன், பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவள் ‘தூங்குறாரு’ என்று சொன்ன குரலின் நிம்மதி என்னையும் தூங்கவைக்கப் பார்த்ததே!

"அம்மா, அவர் தூங்கலை. இதயம் நின்னிருக்கு. மல்லாக்கப் படுக்க வைங்க. ரெண்டு கையையும் நெஞ்சு நடுவுல வச்சு அமுக்குங்க. பலமா. நான் எண்ணுறேன், நீங்களும் கூட எண்ணுங்க."

அழுதாள். அழுதுகொண்டே அமுக்கினாள். "எலும்பு உடையுதுங்க" என்றாள். "உடையட்டும்மா, ஒட்ட வச்சுக்கலாம், நிறுத்தாதீங்க" என்றேன். விடாமல் எண்ணினேன். வண்டிக்காரர்களின் பூட்ஸ் சத்தம் கேட்டதும்தான் விட்டேன்.

மீசை எழுந்துபோய் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார்.

ஏப்ரல் 9, புதன்

பிழைத்தாரா?

ஏப்ரல் 17, வியாழன்

டாக்டர் சொன்னதைச் செய்துவிட்டார். இனி இதய அழைப்புகளின் முடிவு எங்களுக்கும் வரும். என் பெயருக்கு வந்த முதல் தகவல் இரண்டே வரி: குளியலறை வாசலில் விழுந்த ஆண். நினைவு முழுவதும் திரும்பியது. இன்று நடந்து வீடு சென்றார்.

கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன். இத்தனை காலத்தில் முதல்முறையாக ஒரு கதையின் முடிவு என் கையில்.

டாக்டரிடம் கேட்டேன், குறட்டை எப்படி அதுக்குத் தெரிஞ்சுது என்று. பழைய பதிவுகளில் ஏராளமான பேர் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்களாம். விழுந்ததும் ‘குறட்டை’ என்றார்களென்றால் பெரும்பாலும் அது குறட்டையாக இருந்ததில்லை. எங்களில் ஒவ்வொருவருக்கும் வருடத்தில் ஒன்றிரண்டு வந்திருக்கும். முடிவு தெரியாததால் சேர்த்துவைத்துப் பார்க்க எங்களுக்கு வழியில்லை. அதற்கு இருந்தது. ஒரே ஆள் ஆயிரம் பேரின் ஆயுசுக்கும் உட்கார்ந்து கேட்டது மாதிரி.

என்ன மூளை இது! அதைவிட, இதைக் கேட்கவைக்கலாம் என்று நினைத்த டாக்டரம்மாவின் மூளை!

மே 4, ஞாயிறு

அண்ணன் வீட்டில் சாப்பாடு. குறட்டைக் கதையை அபிநயத்தோடு சொன்னேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் சிரித்தான். பிறகு ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவன். மெஷின் சத்தத்தில் யாரும் பேச்சு எதிர்பார்க்காத வேலை என்று தேடிப் பிடித்தான். ஃபோனைத் தொடமாட்டான். எல்லா ஃபோனும் அண்ணிதான்.

அவன் கேட்டது இதுதான்: "நான் பேசினா அதுக்குப் புரியுமா, பாப்பா?"

நாற்பத்தேழு வயதிலும் நான் பாப்பா. பதில் தெரியாத பாப்பா. "ஏன் புரியாது" என்று அவசரமாகச் சொல்லிவைத்தேன். அவன் தலையாட்டிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

மே 6, செவ்வாய்

டாக்டரிடம் அண்ணனின் கேள்வியை அப்படியே கேட்டேன். சமாதானம் சொல்வார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "தெரியலை" என்றார். "தெரியலைங்கறதே தப்புதான். பார்த்துட்டு வந்து சொல்றேன்."

மே 19, திங்கள்

எல்லோரையும் கூட்டி உட்காரவைத்துச் சொன்னார். திக்கிப் பேசுபவர்கள் அழைத்த பழைய பதிவுகளை மட்டும் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். மென்பொருள் அவற்றில் தடுமாறுகிறது. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் லைன் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறது. பேச்சு நின்றால் அழைப்பே நின்றதாக நினைக்கிறது.

அதோடு விடவில்லை. "இதை அது சும்மா கத்துக்கலை" என்றார். "சில அழைப்பை நம்ம அறையிலேயே விளையாட்டுக்குக் கூப்பிடுறாங்கன்னு நினைச்சு லைனைத் துண்டிச்சிருக்கோம். யாருன்னு நான் பார்க்கலை, பார்க்கவும் போறதில்லை. மெஷின் நம்ம கண்ணாடி. மூஞ்சியைக் கழுவிக்கலாம், கண்ணாடியைத் திட்டிப் பிரயோஜனமில்லை."

மீசை மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு ஊர்களுக்கு இந்த மென்பொருள் போவதாக இருந்தது. இது சரியாகும்வரை அனுப்பமாட்டேன் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டாராம். வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று கேள்வி. நாலு பேருக்கு நல்லது நடக்கும்போது ஒருத்தருக்காக நிறுத்துவதா என்று கேட்டார்களாம். "நாம காத்திருக்கலைன்னா அந்த ஒருத்தர்தான் சீக்கிரம் ஃபோனை வச்சிடுவார்" என்றாராம். கடைசியில் சில மாதம் அவகாசம் கிடைத்திருக்கிறது.

ஒருவர் தான் கட்டியதிலேயே ஓட்டையைத் தேடிப் போய், கண்டுபிடித்து, ஊரைக் கூட்டிக் காட்டி நான் பார்த்ததில்லை.

ஜூன் 1, ஞாயிறு

போச்சு. எல்லாம் கெட்டுப்போச்சு.

பழைய பதிவு போதவில்லை, திக்கிப் பேசுகிறவர்களின் குரல் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு ஞாயிறு சாயங்காலம் கூடுகிற நண்பர் குழு ஒன்று உண்டு. எல்லோருக்கும் பேச்சு திக்கும். ஒருவரையொருவர் அவசரப்படுத்தாமல் பேசிக்கொள்ளக் கூடுகிறார்கள். நான் போய்க் கேட்டேன், ஏதோ வரம் கொடுக்கப் போகிறவள் மாதிரி.

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "இத்தனை வருஷம் எவனும் கேக்கலை. இப்ப மெஷினுக்குத் தீனி வேணும்னு வர்றியா? நான் என்ன காட்சிப் பொருளா?" இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரமானது. நடுவில் அண்ணி, "விடுங்க, அவ நல்லதுக்குத்தான்..." என்று முடித்துவைக்கப் பார்த்தாள். அதில் இன்னும் வெடித்தான். "எ-என் பேச்சை நானே முடிச்சுக்குறேன்!"

சாப்பிடாமல் வந்துவிட்டேன். அவன் கேட்டதுல என்ன தப்பு? நான்தான் கேள்வியை எடுத்துக்கிட்டு ஓடினேன், கேட்டவனை விட்டுட்டேன். டாக்டருக்கு என்ன பதில் சொல்றது இப்ப?

ஜூன் 3, செவ்வாய்

சொல்லிவிட்டேன். "அவர் கோவம் சரிதான்" என்றார் டாக்டர். "கடை விலாசம் கொடுங்க. குரல் கேக்கப் போகலை. மன்னிப்பு கேக்கப் போறேன்."

ஜூன் 8, ஞாயிறு

அண்ணி சொல்லக் கேட்டது.

டாக்டர் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் முன்பக்கம் உட்காரச் சொல்லியும் கேட்காமல், லென்ஸ் அறுக்கிற இடத்துக்கே போய் நின்றிருக்கிறார். அண்ணன் மெஷினை நிறுத்தவில்லை. கையிலிருந்த வேலை முடியும்வரை அவரும் அசையவில்லை. பிறகு, "உங்களை முதல்லயே கேட்காம விட்டது என் தப்பு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் பேச ஆரம்பித்தானாம். அவன் ஒரு சொல்லில் சிக்கி நின்றபோது அவர் தலையாட்டவில்லை, சொல் எடுத்துக் கொடுக்கவில்லை, வேறு பக்கம் பார்க்கவில்லை. சும்மா இருந்தார். "அந்தம்மா அவசரமே இல்லாத மாதிரி நின்னாங்க" என்று அண்ணன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறான்.

அவன் போட்ட நிபந்தனைகள்: குரலை இதற்குத் தவிர வேறெதற்கும் எடுக்கக்கூடாது. வேண்டாமென்றால் அழித்துவிட வேண்டும். முடிவு நல்லதோ கெட்டதோ, முதலில் குழுவுக்குச் சொல்ல வேண்டும். மூன்றுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

என்னோடு அண்ணன் இன்னும் பேசவில்லை. பேசாமல் என் பழைய கண்ணாடிக்குப் புது லென்ஸ் போட்டு அனுப்பியிருக்கிறான். அது போதும்.

ஜூலை 6, ஞாயிறு

குழு கூடும் மாடி அறையில் பதிவு. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஃபோன். ஒவ்வொருவரும் வீட்டில் யாரோ விழுந்துவிட்டதாக நினைத்து அழைக்க வேண்டும்; மறுமுனையில் நான். பின்னணியில் ஒருவர் இழுத்து இழுத்து மூச்சுவிட்டு நடிக்க வேண்டும்.

தபால்காரர் ஒருவர், மனைவி விழுந்துவிட்டதாக ஆரம்பித்தார். ‘மனைவி’யில் மாட்டிக்கொண்டார். ம-ம-ம என்று நின்று, கடைசியில் "மாமியார்னே வச்சுக்கங்க!" என்று பட்டென்று சொல்லிவிட்டார். அறையே சிரிப்பில் உருண்டது. தரையில் செத்துக் கிடக்க வேண்டிய ஆளும் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். மீசையின் மாமியார் கதையைச் சொன்னேன்; மறுபடி சிரிப்பு.

பிறகு அண்ணன். என் அண்ணன், ஃபோனைக் கையில் எடுத்தான். ‘மூச்சு வரலை’ என்பது இரண்டே சொல். அதற்கு அவன் பட்ட பாடு! கழுத்து நரம்பு புடைத்தது. கண் இறுக மூடியது. எனக்கு வாய் துடித்தது, சொல்லிவிடலாமா என்று. சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. வந்தது. முழுதாக வந்தது.

டாக்டரின் மடிக்கணினியில் சிவப்புக் கட்டம் வரவேயில்லை. அவர் திரையை மறைக்கவில்லை. எல்லோர் பக்கமும் திருப்பிக் காட்டினார். "இதுதான் இன்னைக்கு நிலைமை" என்றார். "இதை மாத்தத்தான் வந்திருக்கோம்."

ஆகஸ்ட் 20, புதன்

புதிய பதிப்பு வந்துவிட்டது. சொன்னபடி முதலில் குழுவுக்கு, பிறகுதான் எங்களுக்கு. பழக்கும்போது அதற்குக் காட்டாமல் தனியே எடுத்துவைத்த குரல்களில் சோதித்தார்களாம். திக்கும் பேச்சில் முன்பு பாதிக்குமேல் கோட்டை விட்டது, இப்போது பெரும்பாலானவற்றைப் பிடிக்கிறது. எல்லாவற்றையும் அல்ல. "இன்னும் தப்பு விடும். விட்டா சொல்லுங்க" என்றார். சொல் உடைந்து வந்தாலும் அதைக் குப்பை என்று தள்ளாமல், பேச்சு நின்ற இடத்தில் பின்னால் கேட்கிற மூச்சைக் கூர்ந்து கேட்கப் பழகியிருக்கிறது.

மௌனத்தை வெட்டிவிடக்கூடாது என்று எங்களுக்கும் பயிற்சி. மீசை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

செப்டம்பர் 3, புதன்

ஏசிக்கு ஆள் வந்தாயிற்று. அதிசயம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மீசையின் அழைப்பு. நான் அடுத்த இருக்கையில், அவர் லைனை என் ஹெட்செட்டிலும் கேட்டபடி.

அழைத்தது ஓர் இளைஞன் போல. "அப்பா" என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை அவனால். அ-அ-அ. அப்புறம் ஒன்றுமில்லை. நீண்ட மௌனம். மீசையின் விரல் விசைப்பலகைமேல் நின்றது. வைக்கவில்லை. "இருக்கேன் தம்பி. நிதானமா" என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்டதேயில்லை.

மௌனத்துக்குள் எங்கோ தூரத்தில் ஓர் இழுப்பு. எனக்குக் கேட்கவில்லை. மீசைக்கும் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார். சிவப்புக் கட்டம் எரிந்தது.

விலாசம் திரையில் இருந்தது. வண்டியைக் கிளப்பிவிட்டார். "தம்பி, நீ சொல்ல வேணாம். அப்பாவுக்கு மூச்சு சரியில்லைன்னா ஃபோனை ஒரு தட்டு தட்டு." தட்டு கேட்டது. "ஸ்பீக்கர்ல போடு. நெஞ்சு நடுவுல கை. என்கூட அமுக்கு." மீசை எண்ணினார். பையன் எண்ணவில்லை, அமுக்கினான். அந்தச் சத்தம் கேட்டது.

அக்டோபர் 2, வியாழன்

முடிவு வந்தது. அப்பா பிழைத்தார். பேசுகிறார், சாப்பிடுகிறார், ஆஸ்பத்திரிக் காப்பி சரியில்லை என்று சண்டை போடுகிறாராம். மீசை அந்தத் தகவலை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் வெளியே போனார்.

இரண்டு ஊர்களுக்கும் மென்பொருள் போகிறது. டாக்டர் நாளை கிளம்புகிறார், முதலில் அங்கே யாருடைய குரல் விட்டுப்போயிருக்கிறது என்று கேட்கவாம்.

மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒன்றுதான் கேட்டான்.

"அந்தப் பையன்... சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சானா?"

"முடிச்சான் அண்ணா. வண்டிக்காரங்க வந்து அப்பாவைக் கையில எடுத்ததுக்கப்புறம். ‘அப்பா கீழ விழுந்துட்டாரு’ன்னு முழுசா. மீசை லைன்லயே இருந்து கேட்டாரு."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணி பாத்திரம் வைக்கிற சத்தத்தை நிறுத்திவிட்டு நின்றாள். அவன் மறுபடி ஏதோ ஆரம்பித்தான், சிக்கியது, விட்டுவிடாமல் தொடர்ந்தான். நாங்கள் காத்திருந்தோம்.

"டாக்டர்கிட்ட சொல்லு பாப்பா. குழுவுக்குப் புதுசா ரெண்டு பேர் வந்திருக்காங்க. ரெண்டு பேரும் குரல் தர்றாங்களாம்."